நாலாவது கீயைக் காணோம்: ஓர் இசை இதழுக்கு அட்டை செய்த அனுபவம்

நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன இசை இதழ் எங்களுடையது. ஏ4 அளவு, 40 பக்கம், 300 பிரதி. அட்டையை இதுவரை வேறொருவர் செய்துவந்தார். அவருக்கு நேரமில்லாமல் போகவே ஆறாவது இதழின் அட்டை என் தலையில் விழுந்தது. உள்பக்கங்களை வடிவமைத்துப் பழக்கம் உண்டு. அட்டையில் என்ன இருக்கிறது, ஒரு படம், ஒரு பெயர், நாலு வரி, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஐந்து வாரம் ஆனது.

முகப்புக் கட்டுரை, பாட்டின் அடிச்சுரங்களைத் தரும் நாலு தந்தி பேஸ் கிதாரை வாசிக்கும் ஒரு பெண் கலைஞரைப் பற்றியது. இருபது வருடமாகப் பல குழுக்களுக்கு வாசிக்கிறார். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில், பாதி வெளிச்சம் விழும் இடத்தில் நிற்பவர். அவர் வாசித்த பாட்டை முணுமுணுப்பவர்களுக்கே அவர் பெயர் தெரியாது. அட்டையில் அவரைப் போட வேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்ததற்குக் காரணம் அதுதான். வேலை கஷ்டமானதற்கும் அதுவே காரணம்.

தெரிந்த முகமாக இருந்தால் படமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அமெரிக்க இசை இதழான ரோலிங் ஸ்டோனின் 1981 ஜனவரி அட்டையை நினைத்துக்கொண்டேன். மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டு, தான் மட்டும் ஆடையின்றிச் சுருண்டு கிடக்கும் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன். புகைப்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் அந்தப் படத்தை எடுத்தது 1980 டிசம்பர் 8. அன்று இரவே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டையில் இதழின் பெயர் உண்டு, தலைப்பு வரி ஒன்றுகூட இல்லை. செய்தி உலகத்துக்கே தெரிந்திருந்தது, அதற்கு மேல் எதை எழுதினாலும் சிறுத்துப் போயிருக்கும். எங்களிடம் இருந்ததோ யாருக்கும் தெரியாத முகம். சொல் இல்லாமல் நகர முடியாது.

கையில் மூன்று படங்கள் இருந்தன. முதலாவது மேடையில் எடுத்தது: நீலமும் ஊதாவுமாக விளக்கு, அவர் தலை குனிந்து தந்தியைப் பார்க்கிறார். இரண்டாவது ஒத்திகை அறையில், பேஸை நெஞ்சோடு அணைத்தபடி நேராகக் கேமராவைப் பார்ப்பது. மூன்றாவது முதுகுப்பக்கமாக எடுத்தது. முன்னால் பாடகரும் கூட்டமும் மங்கலாகத் தெரிய, இவருடைய தோளும் கிதார் வாரும் மட்டும் கூர்மையாக இருக்கும். எனக்குப் பிடித்தது மூன்றாவதுதான். அவருடைய வேலையின் இயல்பே அந்தப் படத்தில் இருந்தது. ஆனால் முகமில்லாத ஒருவரைத் தெரியாத ஒருவராகவே அறிமுகப்படுத்துவது அட்டையின் வேலையில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். அது உள்பக்கத்துக்குப் போனது. இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது.

மேடைப் படத்தை முதலில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு நிறைவாக இருந்தது, ஆனால் யாரோ ஒருவரை எட்ட நின்று வேடிக்கை பார்ப்பது போலிருந்தது. காட்சி மொழியைப் பற்றி எழுதிய குந்தர் கிரெஸ், தியோ வான் லீவென் இருவரும் படத்தில் இருப்பவரின் பார்வையை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். நேராக நம்மைப் பார்ப்பவர் நம்மிடம் எதையோ கேட்கிறார். வேறெங்கோ பார்ப்பவர், நாம் பார்ப்பதற்காகத் தன்னை விட்டுக்கொடுக்கிறார். படித்தபோது இது வெறும் வகைப்பாடாகத்தான் பட்டது. இரண்டு படங்களையும் திரையில் மாற்றி மாற்றி வைத்தபோது பளிச்சென்று புரிந்தது. கடைத்தட்டில் பத்து இதழ்களுக்கு நடுவே நம்மைத் திரும்பவைப்பது ஒரு ஜோடிக் கண்தான். இத்தனைக்கும் எங்கள் இதழ் கடைத்தட்டுக்குப் போவதேயில்லை, நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் ஒரு மேஜையில் அடுக்கி வைத்திருப்போம். மேஜையிலும் கதை அதேதான்.

ஆக, ஒத்திகை அறைப் படம். கண்கள் பக்கத்தின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வரும்படி வெட்டினேன். கேமரா கொஞ்சம் தாழ்வாக இருந்ததால் அவர் நம்மைவிட ஓர் அங்குலம் உயர்ந்து நிற்பது போலிருந்தது. இருபது வருடம் பின்னால் நின்றவருக்கு அந்த ஓர் அங்குலம் தகும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது இதழின் பெயர். ஒவ்வோர் இதழுக்கும் மாறாமல் வருவது அதுதான் என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் உள்ளே என்ன சத்தம் கேட்கும் என்பதை முதலில் சொல்வது பெயரின் எழுத்துருதான். 1981-இல் தொடங்கிய கெராங்! இதழின் பெயரே கிதார் தந்தியை ஓங்கி அடித்தால் வரும் ஒலி. எழுத்துகளும் கண்ணாடி விரிசல் விட்டாற்போல் உடைந்திருக்கும். கேட்காமலேயே அது ஹெவி மெட்டல் என்று தெரிந்துவிடும். 1986-இல் வந்த கியூ, சிவப்புச் சதுரத்துக்குள் ஒரே ஒரு வெள்ளை எழுத்து. நிதானமான, வயது வந்த வாசகர்களுக்கான இதழ் என்ற தோரணை அதில் இருந்தது. 1992-இல் தொடங்கிய ரே கன் இதழில் வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சலிப்பூட்டியது என்பதற்காக அதை முழுக்க ஸாஃப் டிங்பேட்ஸ் என்னும் சின்னங்களின் எழுத்துருவில் அடுக்கிவிட்டார். ஒரு வார்த்தை படிக்க முடியாது. பேட்டி கொடுத்தவரின் இடத்தில் நான் இருந்தால் சிரித்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

பிரபல இதழ்கள் செய்வதுபோல் பெயரைத் தலைக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் பார்க்க எனக்கும் ஆசை. தலை எழுத்தின் மேல் வந்தால் ஆள் இதழை விட்டு வெளியே வருவது போலிருக்கும். 'எங்கள் பெயர் உங்களுக்குத் தெரியும், பாதி மறைந்தாலும் படித்துவிடுவீர்கள்' என்ற தெனாவட்டும் அதில் சேர்ந்தே இருக்கிறது. ஜிம்ப் என்னும் படம் திருத்தும் மென்பொருளில் லேயர் மாஸ்க் (வேண்டாத பகுதியை மறைக்கும் வசதி) போட்டு அவருடைய சுருள் முடியை இழை இழையாக வெட்டினேன். இரண்டு மாலை அதிலேயே போனது. ஒரு வழியாகத் தலையைப் பெயருக்கு முன்னால் கொண்டுவந்தால், எங்கள் பெயரில் இருந்த ஒரு மெய்யெழுத்தின் புள்ளி முடிக்குள் போய்விட்டது. புள்ளி போனதும் அது உயிர்மெய் ஆகிவிட்டது, பெயரும் அர்த்தமில்லாத வேறொரு சொல்லாகிவிட்டது. நான் தினமும் பார்க்கிற பெயர் என்பதால் எனக்கு இது தெரியவேயில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் நண்பரின் மகள் சத்தமாகப் படித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. தமிழில் தலையை எங்கே வைத்தாலும் புள்ளியின் மேலும் கொக்கியின் மேலும் வைக்கக் கூடாது. தலையை 8 மில்லிமீட்டர் கீழே இறக்கினேன். இரண்டு மாலை வெட்டிய முடியில் காதுக்கு மேலிருந்த ஒரு கற்றை மட்டும் எழுத்தைத் தொடுகிறது.

தமிழில் இன்னொரு சங்கடம், பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. ஆங்கில இதழ்களின் அட்டை கத்த வேண்டுமானால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டுவிடும். நமக்கு இருப்பது அளவு, தடிமன், நிறம், சுற்றியுள்ள வெற்றிடம் இவ்வளவுதான். தடிமனைக் கூட்டினால் ஞ, ண போன்ற எழுத்துகளின் உள்வளைவு அடைத்துக்கொண்டு மைக்கறையாகிவிடுகிறது. எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டுப் பார்ப்போம் என்று இன்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் எழுத்தைக் கோட்டுருவமாக, அதாவது வெறும் வரைபடமாக மாற்றி, எல்லாவற்றையும் சம தூரத்தில் பரப்பச் சொன்னேன். மென்பொருளுக்கு 'கொ' ஓர் எழுத்து என்று தெரியுமா? கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் ஒரு பக்கம் என்று மூவரும் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். அன்றோடு அந்த ஆசையும் போனது. முக்தா மலர், கேடமரன், பாலூ தம்பி என்ற மூன்று தமிழ் எழுத்துருக்களையும் வைத்துப் பார்த்துவிட்டு, தலைப்புக்கு முக்தா மலரின் தடித்த வடிவத்தை எடுத்துக்கொண்டேன். பாலூ தம்பி அழகுதான், ஆனால் அதன் உருண்டை முனைகளில் அவர் முகம் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துபவர் போல் மாறிவிட்டது. அவர் முகத்தில் நான் எதையும் மாற்றவில்லை, எழுத்துருதான் மாற்றியது.

இனி தலைப்பு. மூன்று வாரம் போனது இதில்தான்.

நான் முதலில் எழுதியது 'மேடைப் புயல்!' என்பது. எழுதிய எனக்கே வெட்கம். ஆச்சரியக்குறியோடு அது நிகழ்ச்சி விளம்பரத்தட்டி மாதிரி இருந்தது. அடுத்து 'பின்வரிசையில் இருபது ஆண்டுகள்'. உண்மையான தலைப்புதான். ஆனால் அந்த நேர்ப் பார்வைக்குக் கீழே அதை வைத்ததும் அவர் கண்ணில் ஏக்கம் வந்துவிட்டது. படத்தில் ஏக்கம் இல்லை, சத்தியமாக இல்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1964-இல் எழுதிய ஒரு கட்டுரையில், படத்துக்குப் பல அர்த்தங்கள் மிதந்துகொண்டிருக்கும், அருகே இருக்கும் சொல் அதில் ஒன்றைப் பிடித்து நங்கூரமிடுகிறது என்பார். என் நங்கூரம் தப்பான துறையில் போய் இறங்கியிருந்தது. பரிதாபத்துக்குரியவராக அவரை ஆக்கும் உரிமை எனக்கில்லை.

நடுவில் 'முன்னால் வருகிறார்' என்று ஒன்று. இதில் வேறொரு சிக்கல் எட்டிப் பார்த்தது. தமிழில் வினைமுற்று வந்தாலே மரியாதையைத் தீர்மானித்தாக வேண்டும். 'வருகிறார்' என்றால் விருந்தினர் மாளிகைக்கு வரும் அதிகாரி. 'வருகிறாள்' என்றால் சினிமாப் போஸ்டர், அதுவும் அவரைவிட வயதில் சின்னவனான நான் எழுத முடியாதது. வினையே இல்லாமல் பெயர்ச்சொல்லாகத் தலைப்பு வைப்பது பத்திரிகைக்காரர்களின் பழைய தந்திரம். இந்தப் பிரச்சினையிலிருந்து நழுவத்தான் அப்படிச் செய்கிறார்களோ என்று அன்றைக்குத் தோன்றியது.

கடைசியில் பேட்டியின் ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். பேஸின் தடித்த தந்தியைத் திறந்து அடித்தால் சுமார் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வுதான். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியால் அந்த அடி ஒலியைச் சரியாக எழுப்பவே முடியாது. மேல் சுரங்களைக் கேட்டு மனம்தான் மீதியை நிரப்பிக்கொள்கிறது. இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது: “கேட்டிருப்பீங்க. கவனிச்சிருக்க மாட்டீங்க.”

இதைவிடத் தலைப்பு வேண்டுமா? மேற்கோள் குறிக்குள் போட்டதும் பேசுவது இதழ் இல்லை, அவர். கண் நம்மைப் பார்க்கிறது, வாய் நம்மிடம் பேசுகிறது. அவரைப் பற்றிய மரியாதைக் கேள்வியும் கழன்றுகொண்டது, ஏனென்றால் இப்போது மரியாதை வாசகருக்கு. பிழை திருத்தும் நண்பர் மட்டும் ஒப்பவில்லை. அட்டையில் பேச்சுத்தமிழ் வேண்டாம், 'கேட்டிருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள்' என்று போடு என்றார். போட்டேன். வாடிக்கையாளர் கவனத்துக்கு என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது போலிருந்தது. வேண்டுமென்றே 'கேட்டிருப்பாய், கவனித்திருக்க மாட்டாய்' என்றும் ஒருமுறை போட்டுக் காட்டினேன். அது ஒருதலைக் காதல் கவிதையாகிவிட்டது. ஒரே வாக்கியம், ஒரே முகம். விகுதி மாற மாற மூன்று வேறு ஆட்கள். நண்பர் சிரித்துவிட்டுப் பேச்சுவழக்குக்குச் சம்மதித்தார்.

வரியை எங்கே உடைப்பது என்பதிலும் ஒரு நாள் போனது. அகலத்துக்கு ஏற்ப மூன்று வரி: 'கேட்டிருப்பீங்க.' அடுத்து 'கவனிச்சிருக்க'. அதன் கீழே 'மாட்டீங்க.' தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும் என்பது இங்கே வசதி. இரண்டாவது வரி வரைக்கும் பாராட்டுப் போலிருக்கும், மூன்றாவது வரியில் கால் இடறும். மூன்றாவது வரிக்கு மட்டும் மஞ்சள் நிறம் கொடுத்துப் பார்த்தேன். ஜோக் சொல்லிவிட்டு விலாவில் இடிப்பவர் நினைவுக்கு வந்தார். எல்லாமே வெள்ளை என்று விட்டுவிட்டேன்.

முடிந்தது என்று நினைத்து, மரியாதைக்காக அவருக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் போன் வந்தது.

“ஏன் இவ்ளோ கோவமா இருக்கேன்?”

“கோவமா? கம்பீரமால்ல இருக்கீங்கக்கா.”

“நான் சிரிச்சுக்கிட்டே சொன்னது தம்பி அது. இதுல பார்த்தா வாசகரைக் கூண்டுல ஏத்தி விசாரிக்கிற மாதிரி இருக்கு.”

ஒலிப்பதிவை மறுபடி போட்டேன். ஆமாம், சொல்லி முடித்ததும் பெரிய சிரிப்பு. என் காது அதைக் கேட்டிருக்கிறது, கை விட்டுவிட்டது. அச்சில் சிரிப்பு ஏறாது. ஸ்மைலி போடலாம் என்று ஒருவர் சொன்னார். அவரை மறுபடி நான் கேட்கவில்லை. பார்த் சொன்னது போல் படத்தைச் சொல் நங்கூரமிடும் என்றே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, இங்கே சொல்தான் மிதந்துகொண்டிருக்கிறது, அதைப் படம் பிடித்து நிறுத்த வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் இறந்து பத்து வருடம் கழித்து, 1981-இல் ரோலிங் ஸ்டோன் அவரை அட்டையில் போட்டு, கவர்ச்சியானவர், ஆனால் இறந்துபோனவர் என்ற பொருளில் ஒரு தலைப்பு வைத்தது. அந்த இளமையான முகம் இல்லாமல் அந்த வரியை மட்டும் படித்தால் அது வெறும் வக்கிரம்.

ஒத்திகை அறையில் எடுத்த படங்கள் மொத்தம் அறுபதுக்கு மேல். முதலில் சலித்தபோது கூர்மையாக இருந்தவற்றை மட்டும் எடுத்திருந்தேன். திரும்ப முழுவதையும் பார்த்தேன். நாற்பத்துச் சொச்சத்தில் ஒன்று: அதே நேர்ப் பார்வை, ஆனால் இடது உதட்டோரம் சிரிப்பு தொடங்கப் போகிறது. இன்னும் தொடங்கவில்லை. குவியம் கண்ணில் இல்லை, மயிரிழை முன்னால், கிதாரின் தலைப்பகுதியில் இருந்தது. தொழில் தெரிந்தவர்கள் ஒதுக்கிவிடும் படம். தலைப்பை அதன் மேல் வைத்தேன். விசாரணை போய்விட்டது, சீண்டல் வந்துவிட்டது. முடியை மட்டும் மறுபடி இரண்டு மாலை வெட்டினேன்.

மற்ற தலைப்பு வரிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு இருந்தது, மூன்றாகக் குறைத்தேன். கடையில் இதழ்களை ஒன்றன்மேல் ஒன்று சரித்து அடுக்கும்போது இடது ஓரம்தான் வெளியே தெரியும் என்பதால் வரிகளை இடப்பக்கம் அடுக்குவது மரபு. எங்கள் மேஜைக்கு அது தேவையில்லை என்றாலும் அப்படியே வைத்தேன், ஏனென்றால் வேறெங்கு வைத்தாலும் இதழ் மாதிரியே இல்லை. இதே காரணத்துக்காகப் பட்டைக்குறியீடு ஒன்றையும் சும்மாவாவது போடலாமா என்று பேச்சு வந்தது. இதழ்களின் பட்டைக்குறியீடு 977 என்று தொடங்கும், இதழ்களுக்கென்று வழங்கப்படும் ஐஎஸ்எஸ்என் எண்ணை வைத்து உருவாவது. எங்களுக்கு அந்த எண் இல்லை. இல்லாத எண்ணை அலங்காரத்துக்காக வரைவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த மூலையில் 'இதழ் 6' என்று மட்டும் போட்டோம். ஆச்சரியம், அந்த ஒரு சின்னச் சொல்லே சுவரொட்டியை இதழாக்கிவிட்டது.

அச்சு வேலை பற்றியும் சுருக்கமாக. ஸ்கிரைபஸ் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கத்தை அமைத்தேன், சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கூடுதல் (அச்சான பின் வெட்டி எறியும் ஓரம்) விட்டு 216-க்கு 303 மில்லிமீட்டர். தலைப்புகளைக் கோட்டுருவமாக மாற்றித்தான் கொண்டுவந்தேன், அச்சகத்து இயந்திரத்தில் வெற்று வட்டங்களாக உடையும் ஆபத்து இருக்காது. படத்தின் பின்னணியில் ஒரு துளி மின்நீலம் வைத்திருந்தேன். திரையில் ஒளியால் வரும் அந்த நீலம் மையில் வராது, சிஎம்ஒய்கேயாக, அதாவது அச்சு மையின் நான்கு நிறங்களாக மாற்றியதும் கத்தரிப்பூ நிறத்தில் சோர்ந்துவிட்டது. முதல் மாதிரி அச்சு மொத்தமும் இருட்டாக வந்தது. பூச்சில்லாத தாளில் மைப்புள்ளி பரவிக் கொழுக்கும் என்பதை மறந்திருந்தேன். நடுத்தொனிகளை உயர்த்தி, நீலத்தைச் சாம்பலாக்கி அனுப்பியபோது சரியானது. உதட்டோரச் சிரிப்பும் இரண்டாவது மாதிரியில்தான் தெரிந்தது.

கட்டு வந்த அன்று முதல் பிரதியை அவருக்குக் கொடுத்தேன். கையில் தூக்கி, தள்ளிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, தலைப்பைப் படிக்கவில்லை. நேராகக் கிதாரின் தலைப்பகுதிக்குப் போனார்.

“தந்தி நாலு இருக்கு, கீ மூணுதான் இருக்கு. ஜி தந்தியோட கீ எங்க தம்பி?”

எழுத்து எதுவும் ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டருக்குள் வரக் கூடாது என்று காவல் காத்தவன் நான். தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனிங் கீக்கு அந்தக் காவலைப் போடவில்லை. நுனியில் இருந்த நாலாவது கீ வெட்டுக்கூடுதலோடு சேர்ந்து அச்சகத்தின் குப்பைக்கூடைக்குப் போயிருக்கிறது. திரையில் ஐந்து பேர் பார்த்தோம், அதில் இருவர் கிதார் வாசிப்பவர்கள். கோப்பின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: மறுஅச்சு வந்தால் படத்தை 4 மில்லிமீட்டர் கீழே, 3 மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். முடியை மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.